வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஒரு கன்னம்

பிள்ளையின் முகம் ஒரு பக்கம் வற்றிக்கொண்டே போகிறது என்று பெற்றோர் வந்து சொன்னால், பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொல்வார். முதல் பிறந்த நாள், பள்ளியில் சேர்த்த நாள், போன வருடத்துக் கல்யாண விசேஷம் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால்தான், கன்னத்தில் பள்ளம் எப்போது விழத் தொடங்கியது, இன்னும் ஆழமாகிறதா, நின்றுவிட்டதா என்பது பிடிபடும். சிகிச்சையின் நேரத்தைத் தீர்மானிப்பதே இந்தக் கேள்விதான்.

இப்படி முகத்தின் ஒரு பாதி மட்டும் மெல்ல வற்றும் நோய்க்கு பேரி-ராம்பெர்க் என்று பெயர். 1825-ல் வெளியான இங்கிலாந்து மருத்துவர் கேலப் பேரியின் எழுத்துகளிலும், 1846-ல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க்கின் நூலிலும் இது விவரிக்கப்பட்டது. இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது. அரிய நோய். பெரும்பாலும் 20 வயதுக்குள் தலைகாட்டும். முதலில் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு கரையும், பிறகு தோல் மெலியும். மிகச் சின்ன வயதில் தொடங்கினால் தசையும் தாடை எலும்பும்கூட வளர்ச்சி குன்றும். சில ஆண்டுகள் இப்படிப் போய்விட்டுத் தானாகவே நிற்கும். நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் மெத்தோட்ரெக்சேட் போன்ற, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். கரைந்துபோன சதையை மருந்து திருப்பித் தராது. அதை வேறெங்கிருந்தாவது எடுத்து வைக்க வேண்டும்.

பிறவியிலேயே வரும் குறை இன்னொன்று உண்டு. முகத்தின் ஒரு பக்கத்தில் தாடை சிறுத்து, காது சரியாக உருவாகாமல், கன்னச் சதையும் குறைந்து பிறக்கும் குழந்தைகள். கிரேனியோஃபேஷியல் மைக்ரோசோமியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் குறை, ஏறத்தாழ 3,500 முதல் 5,600 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் காணப்படுகிறது. உதட்டுப் பிளவுக்கு அடுத்தபடியாக முகத்தில் அதிகம் காணப்படும் பிறவிக் குறைகளில் இது ஒன்று. தாடை எலும்பை அறுத்து, ஒரு கருவியைப் பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டும் முறையை நியூயார்க்கைச் சேர்ந்த ஜோசப் மெக்கார்த்தியின் குழு 1992-ல் குழந்தைகளிடம் செய்து காட்டிய பிறகு, எலும்புக்கு ஒரு வழி கிடைத்தது. ஆனால் எலும்பு நீண்டாலும் அதன்மேல் போர்த்த வேண்டிய சதை அந்தப் பக்கத்தில் இல்லை. தாடை நேரான பின்னும் கன்னம் ஒட்டியே கிடக்கும்.

குழந்தை முகத்தில் கொழுப்புக்கு இருக்கும் இடத்தைப் பெரியவர்களின் முகத்தை வைத்து எடைபோடக் கூடாது. பால் குடிக்கும் பிள்ளையின் கன்னங்களுக்குள் தனியாக ஒரு கொழுப்புத் திரள் உண்டு. உறிஞ்சும்போது கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் தாங்குவது அது. வளர வளர அதன் பங்கு குறைகிறது. ஆனாலும் கன்னம், நெற்றிப் பொட்டு, கண்ணைச் சுற்றிய இடம், உதடு என்று முகத்தின் வடிவம் முழுவதையும் தாங்குவது தோலுக்கு அடியில் பல அறைகளாகப் பரவியிருக்கும் கொழுப்புதான். சிரிக்கும்போது தோல் தசைமேல் வழுக்கி நகர்வதும் இதனால்தான். அது இல்லாத இடத்தில் தோல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். சிரிப்பு ஒரு பக்கம் மட்டுமே விரியும்.

முன்பெல்லாம் பெரிய பள்ளத்தை நிரப்பப் பெரிய அறுவை சிகிச்சைதான். தோள்பட்டை எலும்பருகே முதுகிலிருந்தோ, தொடையிலிருந்தோ, வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புத் திரையிலிருந்தோ ஒரு துண்டுத் திசுவை அதன் ரத்தநாளத்தோடு எடுத்து, கன்னத்துக்குள் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி கழுத்துப் பக்கத்து நாளத்தோடு தைப்பார்கள். பல மணி நேரம் பிடிக்கும். தையலில் ரத்தம் உறைந்துவிட்டால் வைத்த திசு முழுவதும் வீண். இன்றும் மிக ஆழமான குறைகளுக்கு இதை விட்டால் வழியில்லை. திறமையான கைகளில் அருமையான பலன் தருவதும் உண்மை. ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு முதுகில் நீளத் தழும்பு, கன்னத்தில் அளவுக்கு மிஞ்சிய சதை, அதைக் குறைக்க மீண்டும் அறுவை என்று நீளும் இந்தப் பாதை, கொடுக்கும் விலைக்கு எப்போதும் ஈடாக இருப்பதில்லை.

சிறிய வழி ஒன்று 130 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1893-ல் ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த குஸ்டாவ் நொய்பர், ஓர் இளைஞரின் கண்ணருகே இருந்த பள்ளமான தழும்பை, அவருடைய கையிலிருந்து எடுத்த கொழுப்புத் துண்டுகளால் நிரப்பினார். துண்டு பாதாம் பருப்பு அளவுக்கு மேல் போனால் நிலைக்காது என்பதையும் அவர் கண்டு சொன்னார். 1950-களில் அமெரிக்க மருத்துவர் லிண்டன் பீர், ஒட்டிய கொழுப்பில் ஏறத்தாழப் பாதி ஓராண்டுக்குள் காணாமல் போகிறது என்று எடுத்துக்காட்டினார். பாதி போகும் என்று தெரிந்த பிறகு யாருக்கு ஆர்வம் வரும்? துறை பல காலம் தூங்கியது.

எழுப்பியது, உடல் வடிவைத் திருத்தும் லைப்போசக்ஷன். 1970-களின் பிற்பகுதியில் பாரிஸின் இவ்-ஜெரார் இலூஸ் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறையைப் பரப்பினார். கொட்டிவிட வேண்டியதைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் பலருக்கு வந்தது. 1990-களில் நியூயார்க்கின் சிட்னி கோல்மன் இதை ஒழுங்கான ஒரு செய்முறையாக மாற்றினார். இன்று உலகெங்கும் நடப்பது சின்னச் சின்ன மாற்றங்களோடு அவருடைய வழிதான்.

ஆபரேஷன் தியேட்டரில் அது நடக்கும் விதம் இது. குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்த பின், தொப்புளுக்குள்ளோ தொடை மடிப்பிலோ ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குத் தோலைக் கீறுவார்கள். ரத்தம் கசியாமல் இருக்க அட்ரினலின் கலந்த திரவத்தைச் செலுத்திச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, முனை மழுங்கிய குழலால் கொழுப்பை எடுப்பார்கள். இயந்திர உறிஞ்சல் கிடையாது. சாதாரண 10 மில்லி சிரிஞ்சின் தண்டைக் கையால் லேசாகப் பின்னுக்கு இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் கொழுப்புச் செல்கள் உடைந்துவிடும். அந்த சிரிஞ்சை நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் மூன்று நிமிடம் சுழலவிட்டால் உள்ளே மூன்று அடுக்குகள் பிரியும். மேலே உடைந்த செல்களின் எண்ணெய், அடியில் ரத்தமும் தண்ணீரும், நடுவில் வெளிர் மஞ்சளாகக் கொழுப்பு. மேலதையும் கீழதையும் நீக்கிவிட்டு, நடு அடுக்கை ஒரு மில்லி சிரிஞ்சுகளில் நிரப்பிக்கொள்வார்கள்.

வைப்பதில்தான் கைவண்ணம். உதட்டோரத்திலோ காதருகிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே குழலைக் கன்னத்துக்குள் முழுவதும் செலுத்தி, வெளியே இழுக்கும்போது மட்டும் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக விட்டுக்கொண்டே வருவார்கள். பிறகு வேறு கோணம், வேறு ஆழம். நாற்று நடுவதுபோலத்தான், இடைவெளி விட்டு நட்டால் ஒவ்வொன்றும் வேர்பிடிக்கும். ஒரே இடத்தில் கொத்தாகத் திணித்தால் நடுவில் இருப்பது அழுகும்.

ஏன் அழுகுகிறது? வைத்த கொழுப்புக்கு முதல் சில நாட்கள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனை நம்பித்தான் அது உயிர்வாழ வேண்டும். டோக்கியோவில் கோட்டாரோ யோஷிமுராவின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு, உள்ளே நடப்பதைத் தெளிவாக்கியது. ஒட்டின் வெளி ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பட்டையில் உள்ள கொழுப்புச் செல்கள் மட்டுமே அப்படியே பிழைக்கின்றன. அதற்கு உள்ளே உள்ள பகுதியில் கொழுப்புச் செல்கள் செத்துப்போகின்றன, ஆனால் அவற்றோடு வந்த ஸ்டெம் செல்கள் தாக்குப்பிடித்துப் புதிய கொழுப்புச் செல்களாக மாறுகின்றன. இன்னும் உள்ளே எல்லாமே சாகிறது. ஆக, ஆறு மாதம் கழித்துக் கன்னத்தில் மிஞ்சியிருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி அங்கேயே புதிதாகப் பிறந்தது. செல் சேர்த்த கொழுப்பு ஒட்டு என்ற உத்தியின் முழு அடிப்படையும் இந்த ஒரு உண்மையில் அடங்கிவிடுகிறது. பிழைக்க வைக்கக் கூடியது ஸ்டெம் செல்தான் என்றால், அதைக் கூடுதலாகச் சேர்த்து வைத்தால் என்ன?

கொழுப்பில் ஸ்டெம் செல் இருக்கிறது என்பதே 2001-ல்தான் உலகுக்குச் சரியாகத் தெரிய வந்தது. அமெரிக்காவில் பாட்ரிசியா சூக் என்ற ஆய்வாளரும் சக விஞ்ஞானிகளும், லைப்போசக்ஷனில் வெளிவந்த கொழுப்பிலிருந்து பிரித்த செல்கள் கொழுப்பாகவும் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடியவை என்று காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையைக் குடைந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் இதை எடுப்பது எளிது, கிடைக்கும் அளவும் பல மடங்கு. 2006-ல் யோஷிமுராவின் குழு, இந்தச் செல்களைக் கொழுப்போடு கலந்து வைக்கும் முறையை எலிகளில் சோதித்து வெளியிட்டது.

செய்முறை இரண்டு விதம். முதலாவதில் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். எடுத்த கொழுப்பில் ஒரு பகுதியைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், கொலாஜினேஸ் என்ற நொதியோடு 37 டிகிரி சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை குலுக்கி வைப்பார்கள். கொழுப்பைப் பிணைத்திருக்கும் நார்கள் கரைந்து செல்கள் தனித்தனியாகப் பிரியும். கழுவிச் சுழலவிட்டால் குழாயின் அடியில் சிறு படிவாகத் தங்குவதில் ஸ்டெம் செல்களும், ரத்தநாளச் செல்களும், எதிர்ப்பாற்றல் செல்களும் கலந்திருக்கும். அதை மீதிக் கொழுப்போடு கலந்து கன்னத்தில் வைப்பார்கள். குழந்தை அதுவரை மயக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது விதத்தில், முன்கூட்டியே கொஞ்சம் கொழுப்பெடுத்து, ஆய்வகத்தில் சில வாரங்கள் செல்களைப் பெருக்கி, பிறகு கலந்து வைப்பார்கள். செல் எண்ணிக்கை கோடிகளில் கிடைக்கும். செலவும், கிருமி தொற்றும் அபாயமும், அரசின் கட்டுப்பாடுகளும் அதற்கேற்பக் கூடும்.

பலன் என்ன? முகக்குறை உள்ளவர்களிடமே செய்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வில், கிரேனியோஃபேஷியல் மைக்ரோசோமியா உள்ள 14 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெறும் கொழுப்பும் மறு பிரிவுக்குச் செல் சேர்த்த கொழுப்பும் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து சிடி ஸ்கேனில் அளந்தபோது, வெறும் கொழுப்பு 54 சதவீதமும் செல் சேர்த்தது 88 சதவீதமும் மிஞ்சியிருந்தன. தென்கொரியாவில் பேரி-ராம்பெர்க் நோயாளிகள் 10 பேரிடம் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் பெருக்கிய செல்களைச் சேர்த்தவர்களுக்குக் கரைந்தது சுமார் 21 சதவீதம், சேர்க்காதவர்களுக்குச் சுமார் 47 சதவீதம். கோபன்ஹேகனிலிருந்து 2013-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இன்னும் வியப்பூட்டியது. உடல்நலத்தோடு இருந்த 10 தன்னார்வலர்களின் ஒரு கையில் வெறும் கொழுப்பு, மறு கையில் பெருக்கிய செல்கள் மிக அதிக அளவில் சேர்த்த கொழுப்பு. நான்கு மாதம் கழித்து ஒரு கையில் 16 சதவீதம், மறு கையில் 81 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து மனம் குதிக்கும். கொஞ்சம் நிதானம் வேண்டும். எல்லாமே பத்து, பதினைந்து பேரை வைத்துச் செய்தவை. அதே 2013-ல் பின்லாந்து மருத்துவர்கள் மார்பகத்தில் செய்து பார்த்தபோது, ஒரே நாளில் பிரித்தெடுத்த செல்களைச் சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கோபன்ஹேகனில் சேர்த்த அளவுக்கு, ஒரு மணி நேரத்தில் பிரித்தெடுத்துச் செல் சேர்க்கவும் முடியாது. எந்த வழியில் பிரித்தது, எவ்வளவு சேர்த்தது, எங்கே வைத்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்பதே இதுவரையிலான நியாயமான தீர்ப்பு.

இன்னொரு பக்கம், செல் சேர்க்காத வெறும் கொழுப்பே குழந்தைகளுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. கிரேனியோஃபேஷியல் மைக்ரோசோமியா உள்ளவர்களிடம் ரத்தநாளத்தோடு திசு மாற்றும் பெரிய அறுவையையும், தவணை தவணையாகக் கொழுப்பு வைப்பதையும் நியூயார்க் மருத்துவர்கள் 2011-ல் ஒப்பிட்டார்கள். முகம் இருபுறமும் ஒத்துவருவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, சிக்கல்கள் கொழுப்பு ஒட்டில் குறைவு. கரைந்தால் மறுபடி வைக்கலாம் என்பது இந்த முறையின் பெரிய பலம். அப்படியென்றால் செல் எதற்கு? இங்கேதான் குழந்தைகளுக்கு மட்டுமே உரிய கணக்கு வருகிறது.

குழந்தை உடலில் எடுக்கக் கொழுப்பு குறைவு. பேரி-ராம்பெர்க் உள்ள ஒல்லியான ஒன்பது வயதுச் சிறுமிக்குக் கன்னத்துக்கும் நெற்றிப் பொட்டுக்குமாக 30 மில்லி தேவைப்பட்டால், வயிற்றில் அவ்வளவு கிடைக்காது. தொடை, பிட்டம் என்று தேட வேண்டியிருக்கும். கொழுப்பெடுக்கச் செலுத்தும் திரவத்தில் உள்ள மருந்தின் அளவையும் குழந்தையின் எடையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பாதி கரையும் என்று தெரிந்தே பெரியவர்களுக்குச் செய்வதுபோலக் கூடுதலாக நிரப்பவும் கையிருப்பு போதாது. ஒவ்வொரு தவணைக்கும் முழு மயக்கம், நான்கைந்து நாள் வீக்கம், பள்ளிக்கு விடுப்பு. மூன்று முதல் ஆறு மாத இடைவெளியில் மூன்று தவணை என்றால் ஒரு கல்வியாண்டே இதில் போய்விடும். செல் சேர்த்ததால் மூன்று இரண்டாகக் குறைந்தால் அந்தக் குழந்தைக்கு அது பெரிய லாபம். அதே நேரம், செல்லைப் பிரித்தெடுக்க இருக்கிற கொழுப்பிலேயே ஒரு பகுதியைக் கரைக்க வேண்டியிருக்கிறது. கொழுப்பு குறைவாக உள்ள பிள்ளைக்கே செல் அதிகம் தேவை, அந்தப் பிள்ளையிடமே செல்லுக்காகச் செலவிடக் கொழுப்பு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டும் இடம் இது.

வளர்ச்சியும் கணக்கில் சேரும். ஆறு வயதில் சரிசெய்த முகம் பன்னிரண்டு வயதில் மறுபடி கோணலாகலாம். நல்ல பக்கம் வேகமாக வளர்கிறது, குறையுள்ள பக்கம் பின்தங்குகிறது. மாறாக, வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு தன் சுபாவத்தை மறப்பதில்லை. பருவ வயதில் உடல் பெருத்தால் கன்னத்தில் வைத்த பக்கமும் சேர்ந்து பெருக்கும், சில நேரம் மறுபக்கத்தைத் தாண்டியும் போகும். கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்பருவத்திலும்தான் நிர்ணயமாகிறது என்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு 2008-ல் கண்டது. அப்படியொரு வயதில் கூடுதலாக ஸ்டெம் செல் சேர்ப்பவர்கள் அந்தப் பிள்ளையை இருபது வயதுவரையாவது விடாமல் பார்த்து வர வேண்டும். ஆறு மாதத்து ஸ்கேனோடு கணக்கை முடிப்பது குழந்தைகளுக்குப் போதாது. பேரி-ராம்பெர்க்கில் நோய் நின்று ஓரிரு ஆண்டாவது ஆகட்டும் என்று காத்திருப்பதே நெடுநாள் வழக்கம். நோய் உள்ளே புகைந்துகொண்டிருந்தால் வைத்ததும் கரையும்.

ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். நெற்றி, புருவ நடு, மூக்கு ஆகிய இடங்களின் ரத்தநாளங்கள் கண்ணுக்குப் போகும் நாளத்தோடு தொடர்புள்ளவை. கொழுப்பு தவறி அதற்குள் அழுத்தத்தோடு புகுந்தால் பார்வை போய்விடும். அரிதுதான், ஆனால் உலகில் நடந்திருக்கிறது, திரும்பக் கிடைப்பதில்லை. மழுங்கிய குழல், துளித்துளியான அளவு, மெல்லிய அழுத்தம் என்ற விதிகளெல்லாம் இதற்காகவே. முகத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பிள்ளைகளுக்கும் வற்றிய கன்னத்தில் கொழுப்பு வைப்பதுண்டு. அங்கே வளர்ச்சியைத் தூண்டும் செல்களைக் கூட்டிச் சேர்ப்பதற்குப் புற்றுநோய் மருத்துவரின் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

ஸ்டெம் செல் என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சியே பெரிய ஆபத்து. 2015-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக், விழித்திரை நோயுள்ள மூன்று பெண்களின் கண்களுக்குள், அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களைப் பணம் வாங்கிக்கொண்டு செலுத்தியது. மூவருமே பெருமளவு பார்வையை இழந்தார்கள். நொதி சேர்த்துச் செல் பிரிப்பது மருந்து தயாரிப்புக்குச் சமம், அதற்கு அனுமதி வேண்டும் என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் நிலை. எதிர்த்துப் போன கலிஃபோர்னியா கிளினிக் ஒன்றுக்குக் கீழ் நீதிமன்றம் சாதகமாகச் சொன்னாலும், 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்டிஏ பக்கமே நின்றது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதில் ஒளிவுமறைவு இல்லாதவை. ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்று சிகிச்சைகள் தவிர, ஸ்டெம் செல்லை மனிதரில் பயன்படுத்துவதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாகத்தான் நடக்க வேண்டும். ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்கென்று பணம் வாங்கக் கூடாது. ஆகவே, குழந்தையின் கன்னத்துக்கு ஸ்டெம் செல் சேர்த்துத் தருகிறோம், இத்தனை லட்சம் ஆகும் என்று யாராவது சொன்னால், பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது கிடையாது. இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா, பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். வெறும் கொழுப்பு ஒட்டுக்கு இந்தத் தடைகள் இல்லை, பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் செய்கிறார்கள். இன்றைய நிலையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே சரியான தொடக்கமும்கூட.

ஆய்வில் ஒரு பிள்ளையைச் சேர்ப்பதானால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது என்பதும் ஐசிஎம்ஆர் விதிதான். 7 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளையிடம் புரியும்படி விளக்கி, வாய்மொழியாகச் சம்மதம் பெற வேண்டும், 12-க்கு மேல் 18 வரை என்றால் எழுத்தில். முகத்தைப் பொறுத்தவரை இது ஆய்வுக்கு வெளியிலும் பின்பற்றத் தகுந்த வழக்கம். உயிருக்கு அவசரமான சிகிச்சையில்லை இது. இரண்டு தவணை முடிந்து மூன்றாவதற்கு நாள் குறிக்கும்போது, இப்போதைக்கு இதுவே போதும், பரீட்சை முடியட்டும் என்று பதினோரு வயதுப் பிள்ளை சொன்னால், காத்திருப்பதால் மருத்துவ ரீதியாக எதுவும் கெட்டுப்போகாது.